கூரையின் கீழ்க் கால்பந்து: 2016-ஆம் ஆண்டின் பத்து நாள்களும் நமக்கான பாடமும்

முன்னுரை

தமிழ்த்துறையினர் வெளியிடும் மலரில் கால்பந்தைப் பற்றிய கட்டுரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், மாணவர் உள்ளத்தில் எழும் வினா எத்துறையைச் சார்ந்ததாயினும், அதற்கு விடைகாண முயல்வது ஆசிரியரின் கடமை. அவ்வாறு எழுந்த வினா ஒன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

நம் மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து பயிலும் முதலாண்டு மாணவர் ஒருவர், ஒருநாள் மாலை நம்மை அணுகினார். “ஐயா, கூரையுள்ள அரங்கத்தில் ஐந்து ஐந்து பேராக ஆடும் கால்பந்துக்குச் சென்னையில் தொழில்முறைப் போட்டி நடந்ததாமே? அத்தா அரபு நாட்டுக்கு வரச் சொல்கிறார்கள். எனக்கோ பந்தின் மீதுதான் மனம். படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போகலாமா?” என்று வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை. ‘படிப்பை விடாதே’ என்னும் வழக்கமான அறிவுரை நாவின் நுனிவரை வந்தது. ஆனால் காரணம் காட்டாத அறிவுரை காற்றில் எழுதிய எழுத்தாகும். ஆகவே அப்போட்டியின் வரலாற்றை ஆராய்ந்து, பின்னர் அவருக்கு மறுமொழி கூறலாம் எனக் கருதினோம். அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

தமிழரும் பந்தும்

முதலில் நம் இலக்கியத்தை நோக்குவோம். பந்து தமிழர்க்குப் புதிதன்று. சங்க நூல்களிலேயே பந்தாட்டம் பேசப்படுகின்றது. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி என்றே ஒரு பகுதியை அமைத்துள்ளார். கந்துகம் என்பது பந்து. மிகப் பிற்காலத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலும் தலைவி வசந்தவல்லி பந்தடிக்கும் காட்சி இடம்பெற்றுள்ளது.

இவற்றை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நம் பழைய இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் மகளிர் கையிலேயே இருந்தது. திருமுருகாற்றுப்படையில் மதுரை நகர வாயிலில் பந்தும் பாவையும் தொங்கவிடப்பட்டிருந்த செய்தி வருகின்றது. போருக்கு வர அஞ்சும் பகைவரை, ‘நீவிர் மகளிர்க்குரிய ஆட்டப் பொருள்களை எடுத்து ஆடுமின்’ என எள்ளுவது அதன் கருத்தென உரை கூறுவர். அவ்வெள்ளல் முறையானதா என்பது வேறு வினா. பந்து மகளிர்க்குரியது என்பது அன்று ஊரறிந்த செய்தியாக இருந்தது என்பதே நாம் ஈண்டுக் கொள்ளத்தக்கது. இக்கருத்தினைப் பின்னர் மீண்டும் காண்போம்.

உள்ளரங்கக் கால்பந்தின் தோற்றம்

1930-ஆம் ஆண்டு தென்னமெரிக்க நாடாகிய உருகுவே முதலாவது உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தி, தானே வென்றது. அந்நாட்டுத் தலைநகர் மாண்டிவிடியோவில் தெருவெங்கும் சிறுவர் பந்தை உதைத்தனர். ஆனால் ஆடுதற்கு இடம் போதவில்லை. அங்குள்ள கிறித்தவ இளைஞர் சங்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பார், சிறுவரைக் கூடத்துக்குள் அழைத்துக் கூடைப்பந்துத் தளத்திலேயே கால்பந்து ஆடச் செய்தார். கால்பந்திலிருந்து ஆட்ட முறையையும், கூடைப்பந்திலிருந்து ஐவர் என்னும் எண்ணிக்கையையும் நாற்பது நிமிடம் என்னும் காலத்தையும், கைப்பந்து எனப்படும் ஹேண்ட்பாலிலிருந்து சிறிய இலக்குச் சட்டத்தையும், நீர்ப்பந்தாட்டத்திலிருந்து இலக்குக் காவலர் பற்றிய விதிகளையும் அவர் எடுத்துக்கொண்டார். பல மலரில் தேனெடுத்து ஓரடையில் சேர்க்கும் வண்டின் செயலை ஒத்தது இது.

இவ்வாட்டம் போர்ச்சுக்கீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் ‘கூடக் கால்பந்து’ என்னும் பொருள்தரும் தொடர்களால் வழங்கப்பட்டது. அத்தொடர்கள் சுருங்கியே ‘ஃபுட்சால்’ ஆயிற்று. ஸ்பானிய மொழியில் ‘சாலா’ என்பது கூடத்தைக் குறிக்கும். நம் வழக்கிலும் பாடசாலை, அறச்சாலை எனச் சாலை என்னும் சொல் இடத்தையும் கூடத்தையும் குறிப்பதை மாணவர் உடனே நினைவுகூர்வர். ஆயினும் ஒலி ஒத்திருத்தல் ஒன்றையே கொண்டு உறவு கூறல் சொல்லாராய்ச்சி ஆகாது. வரலாற்றுச் சான்றின்றி இரு சொற்களைப் பிணைக்கும் வழக்கத்தை நம் மாணவர் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதனையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

உலகக் கால்பந்துக் கழகமாகிய ஃபிஃபா 1989-இல் நெதர்லாந்தில் முதலாவது ஃபுட்சால் உலகப் போட்டியை நடத்தியது. பிரேசில் வென்றது. அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் தேசிய ஃபுட்சால் தொடர் தொடங்கியது. அமெரிக்காவிலோ வேறொரு வகை வளர்ந்தது. ஆடுகளத்தைச் சுற்றிப் பலகைச் சுவர் எழுப்பி, அதில் பந்தை மோதவிட்டு ஆடும் உள்ளரங்கக் கால்பந்து அது. அதற்கென ஏற்பட்ட பெரும் தொழில்முறைத் தொடர் 1978-இல் தொடங்கி 1992-இல் நின்றுபோயிற்று. தொடங்குவது எளிது, நிலைப்பது அரிது என்பதனை இவ்விரு நாட்டு வரலாறுகளும் நமக்கு உணர்த்துகின்றன.

ஆடுகளமும் விதிகளும்

மாணவர்க்குப் பயன்படும் வண்ணம் சில அளவுகளைத் தருகின்றோம். பன்னாட்டுப் போட்டிக்குரிய ஃபுட்சால் தளம் 38 முதல் 42 மீட்டர் நீளமும் 20 முதல் 25 மீட்டர் அகலமும் உடையது. இலக்குச் சட்டத்தின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பந்து வெளிக்களப் பந்தினும் சிறியது. அதன் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். துள்ளும் ஆற்றல் அதில் குறைக்கப்பட்டிருக்கும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால் முதல் துள்ளலில் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழலாகாது. ஆகவே பந்து தரையை ஒட்டியே செல்லும். தலையால் முட்டுவதினும் பாதத்தால் அடக்குவதே இங்குக் கலை.

ஓர் அணிக்கு இலக்குக் காவலர் உட்பட ஐவர். எத்தனை முறை வேண்டுமாயினும் ஆள் மாற்றலாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்டம் 20 நிமிடம் கொண்ட இரு பகுதிகளை உடையது. பந்து களத்தை விட்டு நீங்கினால் கடிகாரமும் நிற்கும். பக்கக் கோட்டுக்கு வெளியே சென்ற பந்தைக் கையால் எறியாமல் காலால் உதைத்தே உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு நான்கு நொடிகளே உண்டு. ‘ஆஃப்சைடு’ என்னும் விதி இவ்வாட்டத்தில் இல்லை. ஒரு பகுதியில் ஓர் அணி செய்யும் தொடுபிழைகள் எண்ணப்படும். ஆறாவது பிழையிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவரற்ற நேருதை கிடைக்கும். அதனை 10 மீட்டர்க் குறியிலிருந்து உதைக்கலாம். முரட்டுத்தனத்தை அடக்க இதனினும் சிறந்த விதி அரிது.

இவ்வளவுகளை நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழுக் கால்பந்துத் திடலின் பரப்பு 7140 சதுர மீட்டர், அஃதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். 40 மீட்டருக்கு 20 மீட்டர் உள்ள ஃபுட்சால் தளத்தின் பரப்பு 800 சதுர மீட்டர். அது ஏறத்தாழ 20 சென்ட் நிலம். முழுத் திடலில் ஒருவருக்கு 324 சதுர மீட்டர் இடம் கிடைக்க, இங்கு 80 சதுர மீட்டரே கிடைக்கின்றது. இடம் சுருங்கச் சுருங்கச் சிந்தனை விரைவுபட வேண்டும். பந்து ஒருவர் காலை அடையும் முறைகளும் பெருகும். பிரேசில் நாட்டுப் பெருவீரர் பலர் சிறுவயதில் கூடத்தளத்தில் பயின்றோர் என்பது தற்செயலன்று.

2016-ஆம் ஆண்டின் பருவம்

இனி நம் மாணவர் கேட்ட போட்டிக்கு வருவோம். தனியார் நிறுவனம் ஒன்று ‘பிரீமியர் ஃபுட்சால்’ என்னும் தொழில்முறைத் தொடரை 2016-இல் தொடங்கியது. போர்ச்சுக்கல் நாட்டுப் பெருவீரர் லூயிஸ் ஃபிகோ அதன் தலைவராக அறிவிக்கப்பெற்றார். கிரிக்கெட் வீரர் விராட் கோலி அதன் விளம்பரத் தூதரானார். ஏ. ஆர். ரகுமான் அதற்கெனப் பாடலுக்கு இசையமைத்தார். சென்னை, மும்பை, கோவா, கொச்சி, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய ஆறு நகரங்களின் பெயரால் ஆறு அணிகள் அமைந்தன. ஒவ்வோர் அணியின் பெயருக்குப் பின்னும் ஐவர் ஆட்டம் என்பதனைக் குறிக்க ‘ஃபைவ்ஸ்’ என்னும் சொல் சேர்க்கப்பட்டது.

அணிதோறும் உலகப் புகழ்பெற்ற வீரர் ஒருவர், வெளிநாட்டு ஃபுட்சால் வீரர்கள், இந்திய வீரர்கள் எனக் கலந்திருந்தனர். மும்பைக்கு ரயான் கிக்ஸ், பெங்களூருவுக்குப் பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு எர்னான் கிரெஸ்போ, கொச்சிக்கு மிசேல் சல்காடோ, கோவாவுக்கு ரொனால்டினோ எனப் பெயர்கள் அணிவகுத்தன. இவர்களுள் பெரும்பாலோர் வெளிக்களப் புகழால் அறியப்பட்டு, ஓய்வு பெற்றபின் வந்தவர்கள். சென்னை அணிக்கு வாய்த்தவரோ கூடத்தளத்திலேயே பேரரசராகத் திகழ்ந்த பிரேசிலின் ஃபால்காவ். 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற பிரேசில் ஃபுட்சால் அணியில் இடம்பெற்றவர் அவர். வெளியுலகில் பெயர் குறைவாக அறியப்பட்ட அவரே, அவ்வாட்டத்தை ஆழ அறிந்தவர் எனலாம்.

2016 ஜூலை 15-ஆம் நாள் சென்னையில் தொடர் தொடங்கியது. ஜவாகர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் முதற்கட்ட ஆட்டங்கள் நிகழ்ந்தன. பின்னர்ப் போட்டி கோவாவுக்குப் பெயர்ந்தது. பெங்களூருவை 7-2 என்னும் கணக்கில் கோவா வென்ற ஆட்டத்தில் ரொனால்டினோ மட்டும் ஐந்து இலக்குகள் அடித்தார். எனினும் அவர் தொடர் முடியுமுன்னரே புறப்பட்டுச் சென்றார். அவரிடத்துக்கு 2002-இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியின் தலைவராகிய கஃபு வந்தார். ஜூலை 24-இல் நடைபெற்ற இறுதியாட்டத்தில் மும்பையும் கொச்சியும் மோதின. ஆட்ட நேரத்தில் முடிவு காணாமல், தண்டனை உதைகளின் வழியே மும்பை வாகை சூடியது.

பத்தே நாள்களில் ஒரு பருவம் முடிந்தது. 2017-இல் அணிகளின் பெயர்கள் மாற, மும்பை, பெங்களூரு, துபாய் ஆகிய நகரங்களில் இரண்டாம் பருவம் நடைபெற்றது. மூன்றாம் பருவம் நிகழவில்லை.

ஈண்டு இன்னொரு செய்தியையும் கூறுதல் பொருந்தும். சென்னையில் ஆடிச் சென்ற ஃபால்காவ், அதே ஆண்டு செப்டம்பரில் கொலம்பியாவில் நடந்த ஃபுட்சால் உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக ஆடினார். அங்கு ஈரான் அணி தண்டனை உதைகளில் பிரேசிலை வென்று வெளியேற்றியது. வென்ற ஈரான் வீரர்கள் தம் களிப்பினிடையே, தோற்ற அணியின் ஃபால்காவைச் சூழ்ந்து, அவரைத் தூக்கி எறிந்து ஏந்திப் போற்றினர். உலகக் கோப்பையில் அவர் ஆடும் கடைசி ஆட்டம் அதுவென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பகையணி வீரரின் பெருமையைப் போற்றும் அப்பண்பு, எக்கோப்பையினும் உயர்ந்தது. ஈரான் அவ்வுலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்றது.

ஒப்புதல் என்னும் சிக்கல்

பிரீமியர் ஃபுட்சால் தொடர் தன் ஒப்புதல் பெற்றதன்று என அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. இதன் பொருள் யாது? கால்பந்து உலகில் ஊர்க்கழகம், மாவட்டக் கழகம், மாநிலச் சங்கம், நாட்டுக் கூட்டமைப்பு, உலகக் கழகம் என ஏணிப்படிகள் உள்ளன. அவ்வேணியில் ஏறிய வீரர், அதற்குப் புறம்பான போட்டியில் ஆடினால் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். அப்போட்டியில் மட்டுமே ஆடியவர்க்கோ அவ்வேணியில் படி ஏதும் கிடைக்காது. அங்கு அடித்த இலக்கு நாட்டு அணித் தேர்வுக்கு உரிய சான்றாகாது.

நடத்தியோர் மீது பழிகூறுதல் நம் நோக்கமன்று. ஃபுட்சால் என்னும் சொல்லையே நம் நாட்டில் பலர் அவர்களால்தான் முதன்முதலாகக் கேட்டனர். கூட்டமைப்பும் பின்னர் விழித்துக்கொண்டது. 2021-இல் தில்லியில் கூட்டமைப்பே ஃபுட்சால் கழகங்களுக்கான தேசியப் போட்டியைத் தொடங்கியது. தில்லி எஃப்.சி. அதனை வென்றது. இறுதியில் அதனை எதிர்த்து ஆடியது, 1891-இல் தோன்றி, 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற புகழுடைய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். 2023-இல் இந்திய ஆடவர் ஃபுட்சால் அணி ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முறையாகக் களமிறங்கியது. 2025-இல் மகளிர் அணியும் அவ்வாறே அடியெடுத்து வைத்தது. ஒளிவிளக்குகளோடு வந்த தொடர் இரண்டே பருவங்களில் மறைய, ஓசையின்றித் தொடங்கிய ஏணியில் படிகள் கூடி வருகின்றன.

விளையாட்டு அமைப்புகளின் முடிவு ஒரு மனிதரின் வாழ்வை எவ்வளவு தாக்கும் என்பதனைப் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சவுந்தரராஜன் 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாலினச் சோதனையின் பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடிய கால்கள் அவருடையவை. ஆனால் ஓட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் தொலைவிலிருந்த மேசை ஒன்றின் கையில் இருந்தது. திறமை வேறு, ஒப்புதல் வேறு. இரண்டும் சேர்ந்தாலன்றி விளையாட்டு வாழ்வாகாது. இந்த உண்மையை அறியாமல் நம் பிள்ளைகளை எந்த ஒளிவிளக்கின் கீழும் அனுப்பலாகாது.

நம் மாவட்டத்துக்குப் பொருந்துமாறு

மணமேல்குடி, அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எனக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் சாலையில் மாலை வேளையில் செல்வோர், மணலில் பந்து உதைக்கும் சிறுவரைக் காணாமல் திரும்ப மாட்டார்கள். உள்நாட்டுச் சிற்றூர்களில் கோடையில் வற்றிய கண்மாயே திடல். மழை பெய்து நீர் நிறைந்தால் ஊருக்கு மகிழ்ச்சி, ஆட்டத்துக்கு விடுமுறை. வெயில் ஏறினால் சிறுவர் தென்னந்தோப்பு நிழலை நாடுவர். அந்நிழலே அவர்தம் உள்ளரங்கமாக இருந்தது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அந்நிழலையும் பல ஊர்களில் வேரோடு சாய்த்தது.

வெயிலும் மழையும் இடப்பற்றாக்குறையும் உள்ள இடத்தில் பிறந்த ஆட்டமே ஃபுட்சால் என்பதனை முன்னர்க் கண்டோம். ஆகவே ஒன்றே முக்கால் ஏக்கர்த் திடலை நாடி அலைவதினும், 20 சென்ட் தளம் ஒன்றை அமைப்பது நம் ஊர்களுக்கு எளிது. கூரை உடனே அமையாவிடினும் குற்றமில்லை. சமமான சிமெண்டுத் தளம், இரண்டு இரும்புச் சட்டங்கள், மாலை வெளிச்சத்துக்கு இரு விளக்குக் கம்பங்கள் ஆகியவை இருந்தால் ஆட்டம் தொடங்கும். அதே தளத்தில் இறகுப்பந்தும் கூடைப்பந்தும் ஆடலாம். திருமணக் கூடங்கள் எழுப்ப மனமுவந்து பொருள் ஈயும் நம் ஊர்ப் பெரியோர்க்கும், கடல்கடந்து உழைக்கும் அன்பர்க்கும் இது பெருஞ்சுமை ஆகாது. அரபு நாடுகளில் வேலை முடிந்த இரவுகளில் வாடகைக் கூடங்களில் இவ்வாட்டத்தை ஆடிப் பழகிய நம் இளைஞர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது தம்பியர்க்குப் பயிற்சி தரலாம்.

நகரங்களில் இன்று மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப் புல்தளங்கள் பெருகிவிட்டன. ஒரு மணி நேர வாடகையைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ள இயன்றவர்க்கே அங்கு இடம். மீனவர் மகனும் கூலித்தொழிலாளி மகனும் வேலிக்கு வெளியே நின்று நோக்கும் நிலை வரலாகாது. ஊர்ப் பொதுத் தளம் வேண்டும் என நாம் கூறுவதன் அடிப்படை இதுவே.

இப்போது மகளிரைப் பற்றிய கருத்துக்கு மீள்வோம். நம் இலக்கியம் பந்தை மகளிர் கையில் தந்தது. நம் காலமோ அதனைப் பெற்றுக்கொண்டு ஆடவர் காலில் இட்டது. திறந்த திடலில் ஊரார் நோக்க ஆடுவதற்கு நம் வீட்டுப் பெண்கள் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைக் குறைகூறுவதால் பயனில்லை. சுவரும் கூரையும் உள்ள கூடம் அத்தயக்கத்தைத் தானே நீக்கிவிடும். 2015-இல் மலேசியாவில் நடைபெற்ற முதலாவது ஆசிய மகளிர் ஃபுட்சால் போட்டியிலும், 2018-இல் நடைபெற்ற இரண்டாவது போட்டியிலும் வாகை சூடியவர்கள் தலையை மறைத்து ஆடும் ஈரான் நாட்டு மகளிரே. தலைமறைப்புடன் ஆடுவதை உலகக் கழகமும் 2014-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. உடையும் ஆட்டமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கலைச்சொற்கள்

தமிழ்த்துறையார்க்குரிய பணியும் ஒன்று உண்டு. ஆட்டம் ஊருக்குள் வரும்போது சொற்களும் உடன் வரும். மக்கள் நாவில் நிலைத்த பந்து, கோல், ஃபவுல் போன்றவற்றை விலக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படும் இடங்களில் மட்டும் தமிழ்ச்சொல் தரலாம். பின்னின்று காப்பவரை நிலைக்காவலர் என்றும், இருபுறமும் ஓடுபவரைச் சிறகாளர் என்றும், எதிரணி இலக்கருகே பந்தை ஏற்பவரை முனையாளர் என்றும் கூறலாம். எண்ணிச் சேர்க்கப்படும் பிழையைத் தொகைப்பிழை என்றும், பக்கக் கோட்டிலிருந்து உதைப்பதைப் பக்க உதை என்றும் வழங்கலாம். இவை நாம் முன்வைப்பவை மட்டுமே. ஆடுவோர் ஏற்றாலன்றி எச்சொல்லும் வாழாது. அகராதியில் பிறந்து அங்கேயே அடங்கிய சொற்கள் பல என்பதனை நாம் அறிவோம்.

முடிவுரை

மாணவர் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். அவர் சொல்லக் கேட்ட தொடர் உண்மையே. அது பத்து நாள் திருவிழாவாக வந்தது, இருமுறை நிகழ்ந்தது, நின்றது. திருவிழாவை நம்பி வீட்டை விட்டுப் புறப்படுவோர் தேர் நிலைக்கு வந்தபின் தனியே நிற்க நேரும். ஆயினும், ஆட்டம் அத்தொடரோடு முடிந்துவிடவில்லை. ஒப்புதல் பெற்ற ஏணி ஒன்று இப்போது உள்ளது. கல்லூரி அணி, மாவட்டக் கழகம், மாநிலப் போட்டி என அதில் படிப்படியாக ஏற வேண்டும். அவ்வாறு ஏறுவதற்குக் கல்லூரியில் இருப்பது தடையன்று, துணையே. ஆடுவோராக மட்டுமன்றி, நடுவராகவும் பயிற்சியாளராகவும் உடற்கல்வி ஆசிரியராகவும் இத்துறையில் வாழ்வு தேடலாம். அவற்றுக்குப் பட்டமும் பயிற்சிச் சான்றும் தேவை.

இவற்றையெல்லாம் அம்மாணவரை அழைத்துக் கூறினோம். “அப்படியானால் நான் கனவு காணக் கூடாதா, ஐயா?” என்றார். அவ்வினா நம்மைச் சிறிது நேரம் வாய்மூடச் செய்தது. கனவைக் கைவிடச் சொல்லும் உரிமை நமக்கில்லை. கனவுக்கு ஓர் இடம் அமைத்துத் தரும் கடமையே நமக்கு உண்டு என்பதனை அவரிடமிருந்து அன்று கற்றோம். அவர் இன்றும் நம் வகுப்பில் பயில்கிறார். விடுதிக்குப் பின்னுள்ள வெற்றிடத்தில் மாலைதோறும் நாற்பதுக்கு இருபது என அளந்து, சுண்ணாம்புப் பொடியால் கோடிடுகிறார். மறுநாள் காற்றும் கால்களும் அதனை அழித்துவிடுகின்றன. அவர் மீண்டும் கோடிடுகிறார். மேலே கூறிய கலைச்சொற்களுள் இரண்டு அவர் தந்தவை.

அழியாத கோடு ஒன்றை அவர்க்கும் அவர்தம் தோழர்க்கும் இட்டுத் தருவது ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் கூடி ஆற்ற வேண்டிய அறம். அதற்கு வேண்டிய நிலம் 20 சென்ட்.